உங்க போட்டோ மீம் ஆயிட்டா, அந்த முகம் யாருக்குச் சொந்தம்?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென ஒரு ஸ்டிக்கர் வந்து விழுகிறது. அதில் இருப்பது உங்கள் முகம்தான். போன வாரம் யாருக்கோ கேக் வெட்டியபோது, வாய் நிறைய கேக்கும் பாதி மூடிய கண்ணுமாக நீங்கள் சிக்கிய போட்டோ. கீழே 'திங்கட்கிழமை காலை மீட்டிங்' என்று ஒரு வரி. குரூப்பே சிரிக்கிறது. நீங்களும் ஒரு சிரிப்பு எமோஜியைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறீர்கள். வேறு என்ன செய்வது? 'அதை டெலிட் பண்ணுங்க'ன்னு சொன்னா, 'ஒரு ஜோக்குக்கு எதுக்கு இவ்ளோ சீரியஸ் ஆகுறீங்க?' என்ற கேள்விதான் திரும்பி வரும்.

பெரும்பாலான ஸ்டிக்கர்களின் ஆயுசு அந்த குரூப்போடு முடிந்துவிடும். ஆனா, சில முகங்கள் குரூப்பைத் தாண்டி, ஊரைத் தாண்டி, நாட்டையும் தாண்டிப் போய்விடுகின்றன. அப்படிப் போன முகத்துக்குச் சொந்தக்காரர் யார்? போட்டோவில் இருப்பவரா, அதை எடுத்தவரா, இல்லை ஃபார்வர்டு செய்யும் நாமா? சட்டம் இதற்குச் சொல்லும் பதில் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். உலகத்துக்கே தெரிந்த நான்கு மீம் முகங்கள், நம்ம ஊர் முகம் ஒன்று. இந்த ஐந்து கதைகள் வழியாக அதைப் பார்ப்போம்.

'மீம்' எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல் இணையத்தைவிட வயதில் மூத்தது. உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-ல் எழுதிய 'த செல்ஃபிஷ் ஜீன்' புத்தகத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். மரபணு ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போவது போல, ஒரு பாட்டு மெட்டு, ஒரு சொலவடை, ஒரு ஃபேஷன் என்று கலாசாரத் துணுக்குகள் ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்குத் தாவுகின்றன என்றார். போலச் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சுருக்கி, 'ஜீன்' என்பதோடு ஓசையில் ஒத்துப்போகும்படி 'மீம்' என்று பெயர் வைத்தார்.

மரபணுவைப் போலவே மீமும் நகல் எடுக்கப்படும்போது மாறுகிறது. இணைய மீமில் முதலில் உதிர்ந்து போவது கதைதான். யார், எங்கே, எப்போது, ஏன் என்பதெல்லாம் கழன்று விழுந்த பிறகு முகபாவம் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் அந்த முகத்தில் யார் வேண்டுமானாலும் தன் கதையை எழுத முடியும். முகம் வைரல் ஆவதற்கு அதன் சொந்தக் கதை காணாமல் போக வேண்டியிருக்கிறது. போட்டோவில் இருப்பவருக்குச் சிக்கல் ஆரம்பிப்பதும் இந்த இடத்தில்தான்.

முகம் 1: வலியை மறைக்கும் சிரிப்பு

வெள்ளைத் தாடி, கையில் காபி கோப்பை, உதட்டில் சிரிப்பு. ஆனா, கண்ணில் மட்டும் ஏதோ ஒரு வேதனை. அப்ரைசல் முடிந்த மறுநாள் எல்லா ஆபீஸ் குரூப்பிலும் வந்துவிடும் இந்தப் பெரியவரை 'ஹைட் த பெய்ன் ஹெரால்ட்' என்று இணையம் அழைக்கிறது. உண்மையில் அவர் பெயர் ஹெரால்ட் இல்லை. ஆண்ட்ராஷ் அராடோ என்ற ஹங்கேரி நாட்டு எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். 1945-ல் பிறந்தவர்.

அவர் இணையத்தில் போட்டிருந்த சுற்றுலாப் படங்களைப் பார்த்த ஒரு போட்டோகிராபர், 'உங்களை மாதிரி ஒரு முகத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்' என்று கூப்பிட்டு ஸ்டாக் போட்டோக்கள் எடுத்தார். ஸ்டாக் போட்டோ என்பது ரெடிமேட் சட்டை மாதிரி. ஒருமுறை எடுத்து இணையத்தில் வைத்துவிடுவார்கள். மருத்துவமனை விளம்பரமோ இன்சூரன்ஸ் விளம்பரமோ, தேவைப்படுபவர்கள் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அராடோவும் சம்மதித்துத்தான் கேமரா முன் நின்றார். அவருக்குத் தெரியாமல் நடந்தது அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் தன் படம் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று இணையத்தில் தேடிப் பார்த்தார். விளம்பரங்களில் இருந்ததில் ஆச்சரியம் இல்லை, அதற்காகத்தானே எடுத்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி தேடியபோதுதான் மீம்கள் சிக்கின. 2011-ல் ஓர் இணைய மன்றத்தில் கிளம்பி, வேறு பெயரோடும் வேறு வாழ்க்கையோடும் தன் முகம் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மூட வைத்துவிட முடியுமா என்றுகூட முதலில் யோசித்திருக்கிறார். அது நடக்காத காரியம் என்று புரிந்துபோனது.

சில ஆண்டுகள் மௌனமாக இருந்துவிட்டு, 2016-ல் 'நான்தான் அது' என்று வெளியே வந்தார். அதற்குப் பிறகு மேடைப் பேச்சுகள், பயணங்கள், கோகோ கோலா விளம்பரம் என்று வாழ்க்கையே மாறிவிட்டது. மீம் அவரை விடவில்லை. ஆனா, அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வித்தியாசம் முக்கியம்.

முகம் 2: பற்றி எரியும் வீடு, பக்கத்தில் சிரிக்கும் சிறுமி

பின்னால் ஒரு வீடு எரிகிறது. முன்னால் நிற்கும் நான்கு வயசுச் சிறுமி கேமராவைத் திரும்பிப் பார்த்து விஷமமாகச் சிரிக்கிறாள். 'கொளுத்தியதே இவள்தான்' என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அதனாலேயே 'டிசாஸ்டர் கேர்ள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மை ரொம்ப சாதாரணம். 2005-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் மெபேன் என்ற ஊரில் தீயணைப்புத் துறை பயிற்சிக்காக வேண்டுமென்றே ஒரு வீட்டை எரித்தது. அக்கம்பக்கத்தினர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்பா எடுத்த போட்டோ அது. 2008-ல் ஒரு புகைப்படப் போட்டியில் பரிசு பெற்ற பிறகு இணையத்தில் பரவியது.

அந்தச் சிறுமி ஜோயி ராத், கல்லூரியில் படிக்கும்போது 2021 ஏப்ரலில் அந்தப் படத்தை என்எஃப்டி-யாக ஏலத்தில் விட்டார். என்எஃப்டி என்பது ஒரு டிஜிட்டல் பொருளுக்கு 'அசல் இதுதான்' என்று பிளாக்செயினில் பதிவு செய்யும் சான்றிதழ் மாதிரி. 180 ஈதருக்குப் போனது. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர். கல்விக் கடனை அடைக்கவும் நன்கொடைக்கும் அந்தப் பணத்தைப் பயன்படுத்தப்போவதாகச் சொன்னார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏலத்தில் விற்றது அந்தச் சான்றிதழை மட்டும்தான். படத்தின் காப்புரிமையைக் குடும்பம் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்தச் சான்றிதழ் மறுபடி விற்கப்படும்போதெல்லாம் 10 சதவிகிதம் தங்களுக்கு வரும்படியும் ஏற்பாடு செய்தார்கள். இத்தனையும் சாத்தியமானதற்கு ஒரே காரணம், கேமராவின் பின்னால் நின்றவர் அப்பா என்பதுதான். அங்கே வேடிக்கை பார்க்க வந்த வேறு யாராவது எடுத்திருந்தால், அதே முகம், அதே சிரிப்பு, ஆனா விற்கும் உரிமை அந்த வேறு யாரோ ஒருவரிடம் இருந்திருக்கும்.

முகம் 3: கைப்பிடி மணலும் 750 டாலரும்

கடற்கரையில் ஒரு குழந்தை. கையில் இறுக்கிப் பிடித்த மணல். முகத்தில் 'சாதிச்சுட்டேன்' என்ற உறுதி. தேர்வில் பாஸ் ஆனாலும் பார்க்கிங் கிடைத்தாலும் நாம் அனுப்பும் 'சக்சஸ் கிட்' இவன்தான். 2007-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், 11 மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா லேனி கிரைனர் எடுத்த படம். சாதனை எதுவும் இல்லை. பையன் மணலைத் தின்னப் பார்த்தான், அவ்வளவுதான்!

ஃப்ளிக்கர் தளத்தில் அம்மா போட்டு வைத்த படம் மீம் ஆனது. அம்மா அதன் காப்புரிமையைப் பதிவு செய்து, நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கேட்டபோது கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தார். 2015-ல் பையனின் அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 75,000 டாலர் வேண்டும் என்று இணையத்தில் நிதி கேட்டார்கள். 'இது சக்சஸ் கிட்டோட அப்பா' என்று தெரிந்ததும் சில நாட்களிலேயே அந்தத் தொகை தாண்டிவிட்டது. அறுவை சிகிச்சையும் நடந்தது. மீம் ஒரு குடும்பத்துக்குக் கை கொடுத்த அபூர்வமான தருணம்.

2020-ல் கதை திரும்பியது. ஐயோவா மாகாணத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவ் கிங்கின் தேர்தல் பிரசாரக் குழு, இதே குழந்தையின் படத்தைப் போட்டு நன்கொடை கேட்டது. அனுமதி வாங்கவில்லை. அம்மா வழக்குப் போட்டார். 'இது இணையம் முழுக்கச் சுத்துற மீம்தானே, நியாயமான பயன்பாடுதானே' என்ற வாதம் எடுபடவில்லை. பிரசாரக் குழு காப்புரிமையை மீறியது என்று 2022 நவம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. இழப்பீடு? 750 டாலர். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகை. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, அம்மாவின் காப்புரிமை மீறப்பட்டது. இன்னொன்று, மகனின் தனியுரிமை மீறப்பட்டது. ஜூரி ஏற்றுக்கொண்டது முதலாவதை மட்டும்தான். அதாவது, ஜெயித்தது படம் எடுத்தவரின் உரிமை. படத்தில் இருந்தவரின் உரிமை அல்ல.

கோடிக்கணக்கான பேர் பகிர்ந்துவிட்டார்கள் என்பதால் ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடாது என்பது இந்தத் தீர்ப்பின் நல்ல பக்கம். முகத்தைவிட கேமராவுக்குத்தான் சட்டத்தில் பலம் அதிகம் என்பது அதன் கசப்பான பக்கம்.

முகம் 4: கேமராவை மறந்துவிட்ட மாணவன்

இந்தக் கதை 2003-ல் நடந்தது. அப்போது யூடியூப் கிடையாது, ஃபேஸ்புக் கிடையாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு பள்ளி மாணவன், 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் ஒளிவாள் சண்டையைத் தனியாக நடித்துப் பார்த்துத் தன்னையே வீடியோ எடுத்தான். கையில் இருந்தது கோல்ஃப் பந்தை எடுக்க உதவும் நீளக் கம்பு. யாருக்கும் காட்டுவதற்காக எடுத்த வீடியோ அல்ல. பள்ளியில் விட்டுப்போன அந்த கேசட் சக மாணவர்கள் கையில் சிக்கியது. அவர்கள் இணையத்தில் ஏற்றினார்கள்.

'ஸ்டார் வார்ஸ் கிட்' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. யாரோ ஒளிவாள் கிராஃபிக்ஸ் சேர்த்தார்கள். யாரோ இசை சேர்த்தார்கள். டிவி தொடர்கள் கிண்டலடித்தன. மாணவனோ பள்ளிக்கூடம் போக முடியாமல் தவித்தான். முகம் தெரியாத ஆட்கள் 'செத்துப் போ' என்று எழுதினார்கள். வீடியோவை ஏற்றியவர்களின் குடும்பங்கள் மீது அவன் பெற்றோர் போட்ட வழக்கு 2006-ல் சமரசத்தில் முடிந்தது.

அவர் பிறகு சட்டம் படித்தார். பத்து வருடம் கழித்து, 2013-ல் முதன்முறையாகப் பேட்டி கொடுத்தார். தன்னைப் போல இணையக் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளிடம் 'இதிலிருந்து மீண்டு வர முடியும்' என்று சொல்வதற்காகவே பேசினார். 2022-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தது.

நான்கு முகங்களில் இந்த ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு வலியில் முடிந்தது? அராடோ கேமரா முன் நிற்கச் சம்மதித்தார். மற்ற இரண்டு பேரும் குழந்தைகள்; ஆனா, படத்தை எடுத்ததும் வெளியிட்டதும் பெற்றோர்; உரிமையும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கனடா மாணவனுக்கோ இந்த இரண்டில் எதுவுமே இல்லை. அதோடு, அவனை அசலாகத் தெரிந்தவர்களே அதைக் கேலிக்காக ஏற்றினார்கள். நம்ம ஆபீஸ் குரூப்புக்கும் காலேஜ் குரூப்புக்கும் ரொம்பப் பக்கத்தில் இருக்கும் கதை இதுதான்.

முகம் 5: நம்ம நேசமணி

மீம் என்று சொல்லிவிட்டு நேசமணியை விட்டுவிட்டால் எப்படி? 2019 மே மாதக் கடைசி. ஃபேஸ்புக்கில் இன்ஜினீயரிங் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்க நாட்டில் இதுக்கு என்ன பேர்?' என்று கேட்டது. தமிழர் ஒருவர் 'சுத்தியல்' என்று பதில் சொல்லிவிட்டு, ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் இது விழுந்த செய்தியையும் சேர்த்தார். 'ஐயோ, இப்போ எப்படி இருக்கார்?' என்று மற்றவர்கள் கேட்க, 'பிரே ஃபார் நேசமணி' உலக அளவில் டிரெண்ட் ஆனது. பிரதமர் பதவியேற்பு விழா நடந்த அதே நேரத்தில், 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் ஒரு காமெடி காட்சிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது!

அந்த முகம் வடிவேலுவுடையது. ஆனா, வலி நேசமணியுடையது, அதுவும் கற்பனை. சிரிக்க வைப்பதற்காகவே எழுதி, நடித்து, எடுத்த காட்சி அது. தமிழ் மீம் உலகம் வடிவேலு, கவுண்டமணி, செந்தில், விவேக் முகங்களின் மேல் நிற்பது தற்செயல் இல்லை. நம் எல்லா மனநிலைக்கும் அவர்கள் ஏற்கெனவே ஒரு முகபாவத்தை நடித்து வைத்திருக்கிறார்கள். சினிமா ஃப்ரேமின் காப்புரிமை தயாரிப்பாளர் தரப்பில் இருக்கும் என்பது வேறு விஷயம்.

மீம் போடும் முன் கேட்க எளிமையான ஒரு கேள்வி இங்கே கிடைக்கிறது: இவர் நம்மைச் சிரிக்க வைத்தவரா, இல்லை நாம் பார்த்துச் சிரிப்பவரா? வடிவேலு முதல் வகை. கேக் வாயோடு சிக்கிய சக ஊழியர் இரண்டாவது வகை. முதல் வகையில் சம்மதம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்லுது?

'மீம்' என்ற சொல்லே நம் காப்புரிமைச் சட்டத்தில் கிடையாது. ஆனா, மீமைத் தொடும் சட்டங்கள் நிறைய உண்டு.

காப்புரிமை: 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒரு போட்டோவின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொல்லியவருக்கு உரிமை போகும். உங்கள் கல்யாண ஆல்பம் அந்த வகை. நண்பர் சும்மா எடுத்த போட்டோவில் நீங்கள் இருந்தாலும் உரிமை நண்பருக்குத்தான். செல்ஃபி என்றால் எடுத்தவரும் நீங்களே, உரிமையும் உங்களுக்கே. விமர்சனம், சொந்தப் பயன்பாடு போன்றவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

தனியுரிமை: இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் பயன்படுத்துவது அவருடைய தனியுரிமையை மீறக்கூடும் என்றும் சொன்னது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

ஆளுமை உரிமை: ஒருவரின் பெயர், முகம், குரல், பாணி ஆகியவற்றை வைத்து மற்றவர்கள் காசு பார்ப்பதைத் தடுக்கும் உரிமை இது. தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2023-ல் அனில் கபூர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏஐ மூலம் அவர் முகத்தையும் குரலையும் பயன்படுத்தவும் தடை விதித்தது.

2024-ல் ஜாக்கி ஷெராஃப் வழக்கு இன்னும் சுவாரஸ்யம். அவர் உருவத்தை வைத்துப் பொருள் விற்றவர்களுக்குத் தடை விதித்த அதே டெல்லி உயர் நீதிமன்றம், அவருடைய பேட்டியை 'தக் லைஃப்' பாணியில் எடிட் செய்த யூடியூபருக்கு உடனடித் தடை விதிக்கவில்லை. அதை ஒரு படைப்பு வெளிப்பாடாகப் பார்த்தது. வியாபாரம் வேறு, நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் கோடு போடப் பார்ப்பது இதில் தெரிகிறது.

ஐடி விதிகள்: அந்தரங்கப் படங்கள், மார்ஃபிங் செய்து ஆள்மாறாட்டம் செய்யும் படங்கள் பற்றி, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் சமூக வலைதளங்கள் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். 2021-ல் வந்த விதிகள் இதற்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை.

'டேட்டா பாதுகாப்புச் சட்டம் இருக்கே?' என்று கேட்கலாம். 2023-ல் நிறைவேறிய அந்தச் சட்டம், தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகக் கையாளும் தகவல்களுக்குப் பொருந்தாது. நீங்களே பொதுவெளியில் போட்ட தகவலுக்கும் பொருந்தாது. குரூப் ஸ்டிக்கர் விவகாரத்தில் அதைப் பெரிதாக நம்ப முடியாது.

மொத்தத்தில், இந்தச் சட்டங்கள் இரண்டு பேருக்கு நன்றாகக் கை கொடுக்கின்றன: கேமரா பிடித்தவருக்கு, வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் போகக்கூடிய பிரபலத்துக்கு. ஆபாசமோ மோசடியோ இல்லாத, வெறும் கேலியாக மட்டும் இருக்கும் ஒரு சாதாரண முகத்துக்கு 1994 தீர்ப்பு உரிமை தருகிறது. ஆனா, அதை நிலைநாட்ட கோர்ட் படி ஏற வேண்டும். அதற்குள் ஸ்டிக்கர் ஊர் சுற்றி முடித்திருக்கும்.

உங்க முகம் சிக்கினா என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரம். கோபத்தில் டெலிட் செய்யச் சொல்வதற்கு முன், ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, நேரம், பதிவிட்ட கணக்கு ஆகியவற்றைச் சேமித்து வையுங்கள்.

அடுத்து, போட்டோ யார் எடுத்தது என்று பாருங்கள். செல்ஃபி என்றால் காப்புரிமைப் புகாராகவே கொடுக்கலாம். எல்லாப் பெரிய தளங்களிலும் அதற்குத் தனிப் படிவம் உண்டு. நண்பர் எடுத்தது என்றால், புகாரை அவர் பெயரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சமூக வலைதளமும் இந்தியாவில் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும். 'ரிப்போர்ட்' பட்டனை அழுத்துவதோடு நிற்காமல் அவருக்கும் எழுதுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால், மத்திய அரசு 2023-ல் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களிடம் போகலாம்.

அந்தரங்கப் படமாகவோ மார்ஃபிங்காகவோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவையும் உண்டு. உங்கள் படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகும். அது மட்டும்தான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களுக்குப் போகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழந்தை அழும் வீடியோ, ஆன்லைன் கிளாஸில் தூங்கிய வீடியோ, கணக்கு வராமல் விழித்த வீடியோ எல்லாம் நமக்கு க்யூட்தான். சக்சஸ் கிட்டுக்குப் பக்கத்தில், உரிமையைப் பதிவு செய்து கோர்ட் வரை போன ஓர் அம்மா இருந்தார். அப்படி இருந்தும் கிடைத்தது 750 டாலர். குழந்தைக்குப் பதினைந்து வயது ஆகும்போது அந்த வீடியோவை அதன் வகுப்புத் தோழர்கள் பார்த்தால் பரவாயில்லையா என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

அந்தச் சிரிப்பு எமோஜி

மீம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நைட் ஷிஃப்ட்டையும் இஎம்ஐ-யையும் தாங்க நமக்கு அது வேண்டும். நேசமணிக்காக இன்னும் பல தடவை பிரார்த்தனை செய்யலாம்; தாராளமாகச் செய்வோம்.

ஆனா, ஆரம்பத்தில் பார்த்த ஆபீஸ் குரூப்புக்குத் திரும்பிப் போங்கள். ஸ்டிக்கரில் இருந்தவரும் சிரிப்பு எமோஜி போட்டார் இல்லையா? அதைப் பார்த்துத்தான் 'அவரே என்ஜாய் பண்றார்' என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். வலியை மறைத்துச் சிரிக்கும் முகத்தை அடையாளம் காண, ஹெரால்டை வைத்து இத்தனை வருஷமாகப் பயிற்சி எடுத்தவர்கள் நாம். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் மட்டும் அதைத் தவறவிடுகிறோம்.

'அந்த ஸ்டிக்கர் உங்களுக்கு ஓகேதானே? இல்லைன்னா எடுத்துடறேன்' என்று குரூப்பில் கேட்காமல், தனியாக ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று அப்போது தெரியும்.